அவர் இருக்கும் வரை எங்கள் வீடு

எங்கள் வீட்டின் உயிர் எண்ணூரில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் எர்ணாவூரில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அந்த உயிர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 'பவர்' பத்திரத்தில் வீடு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கடல் அரித்துக் குடிசைகளை இழந்த மீனவக் குடும்பங்களுக்கு எர்ணாவூரில் அரசின் வீட்டு வாரியம் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் மூன்றாவது மாடியில் வலையை எங்கே காயப்போடுவது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எங்கே நின்று பார்ப்பது என்றெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. பலர் சாவி வாங்கிய கையோடு வீட்டுக்கு விலை பேசிவிட்டு, கரைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களிடமிருந்து வாங்கியது எங்களைப் போன்றவர்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். நான் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறேன். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரோடும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரு கதவைச் சாத்தினால் உள்ளே நாங்கள் இருவரும் எங்கள் பெண்ணும் மட்டும் என்பது சொர்க்கமாகத் தெரிந்தது. தாலியைத் தவிர என் உடம்பில் இருந்த தங்கம் எல்லாம் அந்தக் கதவுக்காகப் போனது.

எங்களுக்கு விற்றவர் வயதான மீனவர். பெண்டாட்டி செத்து வெகுகாலம். வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டோம். "ஒண்டிக்கட்டைம்மா நான். நான் பூட்டா அழறதுக்கு ஒரு நாய்கூட கெடியாது" என்றார். வாரிசுத் தொல்லை இல்லை என்று எங்களுக்குச் சந்தோஷம். அவர் தனிமையைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டது இப்போது நினைத்தால் கசக்கிறது.

அவருக்கு வாரியம் கொடுத்த ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு நிபந்தனை இருந்தது. குறித்த காலம் முடியும் வரை வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, வேறு எந்த விதத்திலும் பராதீனம் செய்யவோ கூடாது. பராதீனம் என்ற வார்த்தையை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். என்ன அர்த்தம் என்று புரோக்கரைக் கேட்டதற்கு, "அதெல்லாம் எல்லாப் பேப்பர்லயும் கீறதுதாம்மா, நீ பேஜாராவாத. இப்ப பவர் வாங்கிக்க. கெடு முடிஞ்சதும் வாரியம் பெர்சு பேருக்கு எழுதிக் குடுக்கும். அன்னிக்கே அவரு உன் பேருக்கு எழுதிக் குடுத்துடுவாரு" என்றார். பெரியவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் பால் காய்ச்சினோம்.

அடுத்த வருடம் வேறு ஏதோ வேலையாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் உட்கார்ந்திருந்த பத்திரம் எழுதுகிறவரிடம் பெருமையாக எங்கள் பவரைக் காட்டினேன். மனிதர் கண்ணாடியைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வீடு இல்லம்மா. பராதீனம்னா தன் பொருளை இன்னொருத்தர் பொருளா ஆக்கிடறது. கிரயமா ஆக்கலாம், தானமா ஆக்கலாம். ஆக்கிட்டா அப்புறம் அவருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. இதுல அவர் அப்படி எதுவும் பண்ணல. தன் கையை உங்களுக்கு இரவல் குடுத்திருக்கார். அவருக்குப் பதிலா நீங்க கையெழுத்து போடலாம். ஆள் போய்ட்டா கையும் போச்சு."

"அப்ப வூடு யாருது?"

"இன்னிக்குத் தேதிக்கு அவருதேகூட முழுசா இல்லையே. வாரியம் இன்னும் எழுதித் தரலை. தன்னோடது ஆகாததை அவர் எப்படி உங்களோடது ஆக்க முடியும்?"

பணம் கொடுத்து வாங்கிய பவர் ஆள் செத்த பிறகும் நிற்பதற்குச் சட்டத்தில் ஒரு சந்து உண்டாம். ஆனால் விற்கவே கூடாது என்று தடை போட்ட சொத்தில் அந்தச் சந்துக்குள் நம்பி நுழைய முடியாது என்றார். கெடு முடிந்து பத்திரம் வரும் வரைக்கும் அந்தப் பெரியவரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எங்கள் பிளாக்கில் விசாரித்தால், எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. என்னைப் போல வாங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெளியே எங்கோ ஒரு ஆள் இருந்தார். அவர்களை 'ஒரிஜினல்' என்று சொல்வார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பிள்ளைகுட்டிகளை விசாரிக்கிற மாதிரி, "உங்க ஒரிஜினல் எப்டி கீறாரு? சுகர் கொறஞ்சிதா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். தீபாவளிக்குத் தன் அப்பாவுக்கு வேட்டி எடுக்காதவன்கூட ஒரிஜினலுக்கு எடுத்துவிடுவான். கீழ்வீட்டுக்காரர்களின் ஒரிஜினல் ஒரு மழைக்காலத்தில் செத்துப்போனார். காரியம் முடிந்த கையோடு மகன்கள் வந்து நின்றார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நான் சோறு வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணூருக்குப் போயின. ஷேர் ஆட்டோவில் இறங்கி, குழாய்கள் போகிற பாதையோரமாகக் கழிமுகம் வரை நடக்க வேண்டும். மின் நிலையச் சாம்பல் படிந்து தண்ணீர் சில நாள் சிமெண்ட் கரைத்த மாதிரி இருக்கும். அதற்குள் இறங்கி நின்று ஆட்கள் இறால் தடவிக்கொண்டிருப்பார்கள். பெரியவருக்குக் கடலுக்குப் போகிற தெம்பு போய்விட்டிருந்தது. கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு மற்றவர்கள் வலையைத் தைத்துக் கொடுப்பார்.

முதல் தடவை என்னைத் தூக்குவாளியோடு பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"இன்னாம்மே, உசுரோட கீறனான்னு பாக்க வந்தியா?"

"ஆமா நைனா. பாயா கொண்டாந்துகீறேன். சூடா குடி."

"குடிக்கறேன். நீ எதுல வந்தாலும் குடிக்கறேன். பாசத்துல வந்தா இன்னா, பவர்ல வந்தா இன்னா."

அப்படி ஒரு வாய் அவருக்கு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றவே இல்லை. நான் எதற்காக வருகிறேன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே பேச்சு சுலபமாக இருந்தது. சொந்த அப்பாவிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. என் அப்பா பேசவே மாட்டார், கைதான் பேசும். இவரிடம் மாமியார் தொல்லை முதல் யார்டில் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை வரை எல்லாம் சொல்வேன். அவர் கண்ணி தைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அவன் மூஞ்சில தார ஊத்து" என்பார். அதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

இருமல் விடாமல் வந்தபோது நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சுச் சளியில் காசம் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை. அவர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து, நான் போனதும் துப்பிவிடுவார் என்று பக்கத்துக் கொட்டகைக்காரி சொன்னாள். அன்றிலிருந்து யார்டு முடிந்து தினமும் போனேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன். பீடிக் கட்டைப் பிடுங்கிக் கழிமுகத்தில் எறிவேன்.

"நீ இன்னா என் ஆத்தாளா?" என்று ஒருநாள் கத்தினார்.

"ஆத்தா இல்ல. உன் வூட்ல கீறவ. ஒழுங்கா முழுங்கு."

அந்த வருடம்தான், ஒதுக்கீடு பெற்றவர்களே குடியிருக்கிறார்களா என்று பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று பிளாக்கில் பேச்சு அடிபட்டது. வேறு ஆள் இருந்தால் காலி செய்துவிடுவார்களாம். எல்லா வீடுகளும் அவரவர் ஒரிஜினலைத் தேடி ஓடின. காலையிலேயே ஆட்டோ ஆட்டோவாகக் கிழவர்களும் கிழவிகளும் வந்து இறங்கினார்கள். பிளாக்கே கல்யாண வீடு மாதிரி இருந்தது. நாங்களும் பெரியவரை அழைத்து வந்து கூடத்தில் கட்டிலில் உட்கார வைத்தோம். அவர் பழைய போட்டோ ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டினோம். என்ன சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

அதிகாரி இளவயதுக்காரர். என்னைப் பார்த்து இவர்கள் யார் என்று கேட்டார்.

"எம் பொண்ணு சார்" என்றார் பெரியவர். "அவன் மாப்ள. லாரி ஓட்றான். எனக்கு ஒடம்பு சரியில்லன்னு வந்து கூட கீறாங்க. பொண்ணு கொஞ்சம் வாயாடி. ஆனா மாத்திர குடுக்காம வுடமாட்டா."

சொல்லிக்கொடுத்தது முதல் இரண்டு வரிதான். மீதி அவராகச் சொன்னது. அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனார். நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி அவரை எண்ணூருக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இங்கேயே இருந்துவிடு நைனா என்றேன். மேல்மாடியில் கடல் சத்தம் கேட்காது, தூக்கம் வராது என்று போய்விட்டார்.

காசம் அடங்கியது, ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. சாம்பலும் பீடியும் தின்றது போக மிச்சம்தான் உள்ளே இருந்தது என்று டாக்டர் சொன்னார். நான்கைந்து படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்படியே சில வருடங்களை ஓட்டினோம். கெடு முடிந்தது. கிரயப் பத்திரம் கொடுக்க முகாம் போடப் போகிறார்கள், ஒதுக்கீடு பெற்றவர் நேரில் வர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கு லட்டு வாங்கி வந்தார். பெரியவரை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போக நாற்காலிகூட ஏற்பாடு செய்துவிட்டோம்.

முகாமுக்கு முந்தைய வாரம் அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்கு இரண்டு வேண்டுதல்கள் ஒன்றாக வந்தன. நைனா பிழைக்க வேண்டும் என்பது ஒன்று. முகாம் வரைக்குமாவது பிழைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை, நேரமும் இல்லை. ஆக்சிஜன் குழாயை அவர் பிடுங்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் கை என் கையில் இருக்கும்போதே போய்விட்டது.

நான் அழுதேன். எதற்காக அழுகிறேன் என்று வார்டில் யாருக்கும் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும்.

உடலை வாங்கப் போனபோது அங்கே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். மாநகராட்சியில் கான்ட்ராக்ட்டில் பெருக்குகிற வேலை என்று அவள் போட்டிருந்த பச்சைக் கோட்டே சொன்னது. வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். கொட்டகைப் பக்கத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தான் இறந்தவரின் மகள் என்று அவள் சொல்ல, "பொண்ணு ஏற்கெனவே கூடவே இருக்காங்களே" என்று வார்டு ஆயா என்னைக் காட்டினாள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் சாகும் வரை மறக்க முடியாது.

அவள் புளியந்தோப்புப் பையன் ஒருவனை வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஜாதி வேறு. அன்றோடு பெரியவர் அவளைத் தலைமுழுகிவிட்டார். நான் ஒண்டிக்கட்டை என்று அவர் எங்களிடம் சொன்னது பொய்யில்லை. அவர் மனசில் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்கு மனசு கிடையாது. பெற்றவன் தலைமுழுகினாலும் மகள் மகள்தான், வாரிசு வாரிசுதான்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். அவள்தான் அங்கே கொண்டுபோக வேண்டும் என்றாள். அவள் புருஷனையும் அங்கேதான் புதைத்திருக்கிறார்களாம். குழிக்குள் மண் தள்ளும்போது நான் பின்னால் நின்றேன். முன்னால் போனால், உனக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டுவிடலாம்.

பத்திரம் எழுதுகிறவரிடம் ஓடினோம். இனி அந்தப் பவர் வெறும் காகிதம் என்றார். மகள் வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் வாரியம் அவள் பேருக்கு எழுதிக் கொடுக்கும். அவள் மனசு வைத்து உங்களுக்குக் கிரயம் செய்தால் உண்டு. வைக்காவிட்டால், கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம், தீர்ப்பைப் பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

அவள் மனசு வைப்பாள் என்று நான் நம்பினேன். அவள் அப்பனை அத்தனை வருடம் பார்த்துக்கொண்டவள் நான். அந்த ஒன்றை எடுத்துச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் கண் கலங்காதா? அதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

கருமாதி முடிந்து சில நாளில் அவளே வந்தாள். மாடி ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சுவரில் நாங்கள் மாட்டியிருந்த அப்பனின் போட்டோவை நிறைய நேரம் பார்த்தாள். நான் டீ கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாயா கொடுத்தது, மாத்திரை கொடுத்தது, பீடியைப் பிடுங்கி எறிந்தது, அவர் திட்டியது, நான் திட்டியது, கடைசி மூன்று நாள். ஒன்று விடாமல் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று.

நான் முடித்ததும், "சிரிப்பாரா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"எங்கப்பன். உன்னாண்ட பேசறப்ப சிரிப்பாரா?"

"நல்லா சிரிப்பாரு" என்றேன். என் கேஸ் ஜெயித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

அவள் தலையாட்டிக்கொண்டாள். "எம் புருசன் செத்தப்ப சொல்லி அனுப்புனேன், வரல. கைக்கொயந்தய தூக்கிகினு எண்ணூருக்கு போனேன். கதவ தொறக்கல. மழ வந்தா முட்டி வரிக்கும் சாக்கடத் தண்ணி நிக்கிற எடத்துல கீறேன். அப்பன் செத்துட்டாருன்னே நெனச்சிகினு இருந்தேன்கா. அவரு இங்க குந்திகினு இன்னொருத்திய பொண்ணுன்னு ஆபிசராண்ட சொன்னாராமே. கீழ சொன்னாங்க."

"அது வூட்டுக்காக சொன்னது" என்று என் வீட்டுக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"சரிண்ணா. வூட்டுக்காக சொன்னதுதான். ஆனா இந்தக்கா சொல்றது வூட்டுக்காக மட்டும் இல்லையே." என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். "அப்பன நீ வச்சிகின. நான் ஒண்ணும் கேக்கல, அது திரும்பி வராது. வூட்ட எனக்கு வுட்டுடு."

என் வீட்டுக்காரர் கத்தினார். நகை, பணம், போலீஸ், வக்கீல் என்று என்னென்னவோ சொன்னார். அவள் எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் எனக்குச் சாதகமாகச் சொல்கிறேன் என்று நினைத்து, எனக்கு எதிராகச் சொல்லி முடித்திருந்தேன். எனக்கு அவள் மேல் வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை. அவள் சொன்னது அநியாயமாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

பள்ளிக்கூட வருடம் முடியட்டும் என்று அவள் எங்கள் பெண்ணுக்காகக் காத்திருந்தாள். பிறகு நாங்கள் காலி செய்தோம். சாமான் எல்லாம் இறங்கிய பிறகு சாவியை வாங்கிக்கொள்ள வந்தாள். கொடுத்தேன். சுவரில் இருந்த போட்டோவை மட்டும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது என் பையில் இருப்பதை அவள் பார்த்தாள். அவளிடம் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.